கொப்பளிக்க வேண்டாம்

வெள்ளி மாலை, எல்லோரும் போன பிறகு
வடிகட்டியைத் திறந்து பஞ்சை எடுத்தேன்.
நனைந்த நாயின் வாடை.
பத்து வருடமாய் இந்தப் பல் மருத்துவமனையைத் துடைக்கிறேன்.
இடுக்கிகள் நீராவியில் வேகின்றன,
கதவுப் பிடிகளுக்குத் தினம் இருமுறை ஸ்பிரிட்.
இப்படியோர் அழுக்கு
என் பொறுப்பில் குடியிருந்திருக்கிறது இத்தனை நாள்!

குழாயை முழுதாய்த் திறந்தேன்.
ஒஸ்த்ராவா நகராட்சித் தண்ணீர், குளோரின் மணக்க மணக்க,
கை பொறுக்கும் சூட்டில்.
பிழிந்தேன், பிழிந்தேன்,
வாங்கிய நாளின் நீலத்துக்குப் பஞ்சு திரும்பும்வரை.
கூழாங்கற்களையும் விடவில்லை.
வீடு திரும்பும் டிராமில்
என் கைகளை நானே மெச்சிக்கொண்டேன்.

திங்கள் காலை
தொட்டி முழுக்க வடிகஞ்சி நிறம்.
பதினோரு நியான் டெட்ராக்கள்
நீரின் கூரையில் உதட்டை ஒட்டிக் காற்றைக் கொறித்தன.
ஏஞ்சல் மீன் ஹீட்டரில் சாய்ந்து
வாயைத் திறந்து திறந்து மூடியது,
உள்ளே நாற்காலியில் கிடப்பவர்களைப் போல.
அவர்களுக்காவது மரத்துப்போக ஊசி உண்டு.
பசியாக்கும் என்று
இரண்டு சிட்டிகை தீனி போட்டேன்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.
இது ஆறுகூட இல்லை,
நூற்றிருபது லிட்டர்.

பத்தேகால் மணிக்கு முறை வாங்கியிருந்த மாத்துலா,
டிராம் பணிமனைக்காரர், இடது கன்னம் வீங்கியவர்,
எழுந்து வந்து கண்ணாடியில் மூக்கை வைத்தார்.
"யார் கழுவியது?"
"நான்தான்."
"எதில்?"
"குழாயில்."
வேறொன்றும் கேட்கவில்லை.
கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.
வரவேற்பு மேசையிலிருந்து ஒட்டிலியே
அவர் பெயரை இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு
அடுத்தவரை அனுப்பினாள்.

நாற்பது நிமிடம்.
தோளில் பனியோடு திரும்பி வந்தார்.
கோட்டுக்குள், நெஞ்சுச் சூட்டில்,
ஒரு வெள்ளரிக்காய் ஊறுகாய் பாட்டில்.
அதற்குள் பழுப்புத் தண்ணீர்,
தண்ணீருக்குள் ஒரு கறுத்த பஞ்சு.
"நாலு வருடம் என் தொட்டியில் கிடந்தது."
ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு
மறுகையால் பிழிந்தார், எங்கள் தண்ணீரில்.

கையுறையோடு ஓடிவந்த டாக்டர் குபீச்செக்
ஏதோ சொல்லப் போய் நிறுத்திக்கொண்டார்.
வீக்கத்தில் மாத்துலாவின் பேச்சு வழுக்கியது.
எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்:
மீன்கள் கழிக்கும் விஷத்தைத் தின்று பிழைப்பவர்கள்
பஞ்சில் இருந்தார்கள்,
கண்ணுக்குத் தெரியாமல், ஒரு நகரம் அளவு.
வெள்ளிக்கிழமை நான் ஊரைக் காலி செய்துவிட்டேன்.
இது அவர் வீட்டிலிருந்து அனுப்பும் குடியேறிகள்.

குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொண்டவர்கள் உண்டு.
சேறு பூசிப் பிழைத்தவர்களை
அன்றுதான் பார்த்தேன்.

ஒரே நாளில் அல்ல.
ஒன்பது நாள்,
ராத்திரியே வாளியில் பிடித்து ரேடியேட்டர் அருகில் வைத்த தண்ணீர்,
முழங்கையால் சூடு பார்த்து,
மூன்றில் ஒரு பங்கு மட்டும்.
முதல் மூன்று நாள் தீனி கிடையாது.
பட்டினி போடுகிறாள் என்று ஒரு சிறுவன் அம்மாவிடம் புகார் சொன்னான்.
சோதனைக் குழாயில் ஐந்து சொட்டு:
பச்சை, பச்சை, கொஞ்சம் வெளிறிய பச்சை,
பிறகொரு புதன்கிழமை, மஞ்சள்.
நியான்களில் இரண்டு போயின.
அவை என் கணக்கு.
இப்போது பஞ்சை அலசுவது
தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரில்,
மூன்றே பிழி.
நாலாவதற்குக் கை தானாகப் போகும்,
இழுத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்தத் திங்கள் மதியத்தைச் சொல்லவில்லையே.
கடைசி ஆளாக உள்ளே போய்
பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தார் மாத்துலா.
டாக்டர் கதவுவரை வந்து சொன்னார்:
"நாளை காலைவரை கொப்பளிக்க வேண்டாம்.
குழியில் உறைந்த ரத்தம் அங்கேயே இருக்கட்டும்.
சுத்தம் செய்கிறேன் என்று கிளறிவிட்டால்
ஆறாது."

மாத்துலா என்னைத் திரும்பிப் பார்த்தார்.
வாய் நிறையப் பஞ்சு.
சிரிக்க முடியாமல்
தோள் மட்டும் குலுங்கியது.